கடைசியாகச் சாப்பிடுகிறவர்

என் சமையலைத் திட்டியவர்கள் உண்டு. உப்பு தூக்கல் என்று ஒருவன் கரண்டியால் மேசையைத் தட்டியிருக்கிறான். அடுத்த வேளை அவனுக்கு மட்டும் உப்பே இல்லாமல் வைத்தேன், வாயை மூடிக்கொண்டு தின்றான். ஆனால் தட்டு நிறைய வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, ஒரு வாய்கூட வைக்காமல், "பிரமாதம் லோரெட்டா, ரொம்ப தேங்க்ஸ்" என்று அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்தவர் ஒரே ஒருவர்தான். சார்ஜென்ட் வெண்டல் கார்வர். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

எங்கள் வீடு நெப்ராஸ்காவில், பிளாட் என்ற ஆற்றை ஒட்டி, ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த செங்கல் கட்டடம். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து குடியிலோ மாத்திரையிலோ கெட்ட கனவிலோ மாட்டிக்கொண்டவர்கள் மாதக்கணக்கில் இங்கே தங்கித் தேறுவார்கள். எப்போதும் முப்பது பேர் இருப்பார்கள். ஒரு கட்டில் காலியானால் அதற்கு வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். நானும் அப்படிக் காத்திருந்து உள்ளே வந்தவள்தான். ராணுவத்தில் சமையல்காரியாக இருந்து, வெளியே வந்த பிறகு பாட்டிலோடு குடும்பம் நடத்தி, கடைசியில் இந்த வீட்டுக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இனி வெளியே வரப்போவதில்லை என்று உட்கார்ந்தவள்.

அன்றைக்குக் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்தவள் மரிபெல். எங்கள் வீட்டுச் சமூகப் பணியாளர். கதவை உடைக்கவில்லை, கெஞ்சவில்லை, புத்தி சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு தன் அம்மா வளர்க்கும் கோழிகளைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினாள். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தும் என்பது வரைக்கும் சொன்னாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நானே தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். இன்றைக்கு நான் மூச்சு விடுவது அவளால்தான். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

ஆள் ஒல்லி, குள்ளம், பட்டாளத்து வாசனையே படாதவள். புதிதாக வருகிறவன் எவனும் அவளை முதலில் மடக்கப் பார்ப்பான். "நீங்க எந்தப் படைல இருந்தீங்க மேடம்?" என்று நக்கலாகக் கேட்பான். "எதுலயும் இல்ல. அதனாலதான் உங்ககிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. உட்காருங்க" என்பாள். அவனும் உட்கார்ந்துவிடுவான்.

சார்ஜென்ட் கார்வர் கடுங்குளிரில் வந்து சேர்ந்தார். அதற்கு முன் தன் பிக்கப் வண்டியிலேயே படுத்து, அதிலேயே குடித்துக் கிடந்தவர். நெடுநெடுவென்று உயரம், ஆணியில் சட்டை மாட்டித் தொங்கவிட்டது போல உடம்பு. குடியை நிறுத்திவிட்டார், கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தார், எல்லோரிடமும் மரியாதை. சாப்பாட்டு மணி அடித்ததும் மட்டும் ஆள் மாறிவிடுவார். சுவரோரமாக நின்றுகொண்டு மற்றவர்களை முன்னால் அனுப்புவார். கடைசி ஆள் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் தட்டை நீட்டுவார். போய் உட்காருவார், கூடத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். கடுங்காப்பி, ஒரு துண்டு ரொட்டி, அவ்வளவுதான். தட்டு என்னிடம் திரும்பி வரும், நான் அதை எங்கள் வீட்டு நாய்க்குப் போடுவேன். அந்த நாய்க்கு ஜெனரல் என்று பெயர். அந்தக் குளிர்காலத்தில் ஜெனரல் நன்றாகப் பெருத்துவிட்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மரிபெல்லின் அறைக்குள் போய்க் கொட்டித் தீர்த்தேன்.

"அந்த ஆளுக்கு என்ன கொழுப்புன்னு கேளு. ஐந்நூறு பேருக்குப் பாலைவனத்துல சமைச்சவ நான். என் கையால வச்ச இறைச்சியை நாய் திங்குது."

"நாய்க்குப் பிடிச்சிருக்குல்ல," என்றாள் மரிபெல். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "உட்காருங்க லோரெட்டா. உங்ககிட்டச் சொல்லலாம்னு சார்ஜென்டே சொல்லிட்டார். சாப்பாட்டு விஷயம், உங்களுக்குத் தெரிஞ்சாகணும். வந்தப்ப இருந்த எடைகூட இப்ப இல்ல. அடுத்த மாசம் டாக்டர் வர்ற முதல் செவ்வாய்க்கிழமை வரைக்கும் பார்ப்பாங்க. ஏறலன்னா ஒமாஹால பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. இங்க இருக்கிற கட்டில் வேற ஆளுக்குப் போயிடும்."

"போகட்டும். அங்க குழாய் வழியாவது ஏதாவது உள்ள போகும்."

"அங்க போக மாட்டேங்கிறார். இங்கிருந்து கிளம்பினா நேரா என் வண்டிக்குத்தான் போவேன்னு சொல்லிட்டார். சொன்னா செய்ற ஆளு."

ஜன்னலுக்கு வெளியே ஆறு கரையிலிருந்து கரைக்கு உறைந்து கிடந்தது. அந்த உடம்போடு அந்தக் குளிரில் வண்டிக்குள் படுத்தால் யாராவது போய்ப் பிணத்தைத்தான் எடுத்து வர வேண்டும். எனக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

மரிபெல் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு வேளைகளில் ஒரு கோப்பை டீயோடு வந்து கூடத்தின் மூலையில் உட்கார ஆரம்பித்தாள். ரெஜி என்று ஒரு மரைன் படைக்காரன், வாய் மட்டும் இல்லாவிட்டால் அவனை எப்போதோ நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அவன் சும்மா இருப்பானா?

"என்ன மேடம், நாங்க முள்கரண்டி பிடிக்கிற அழகுக்கு மார்க் போடுறீங்களா?"

"போட்டாச்சு ரெஜி. நீ ஃபெயில்."

"தரைப்படைக்காரங்களோட உட்கார வச்சா அப்படித்தான் ஆகும்."

ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு மத்தியானம், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மரிபெல் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"லோரெட்டா, நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"

"நானா? எல்லாம் கழுவிக் கவுத்துட்டு, மூணு மணி வாக்குல, நின்னுக்கிட்டே. ஏன்?"

"மத்தவங்களோட உட்கார மாட்டீங்களா?"

"ஊருக்கு முன்னாடி சமையல்காரி தின்னா வெளங்குமா? எல்லாரும் முடிச்ச அப்புறம்தான். ராணுவத்துல இருந்தே அப்படித்தான்."

"அதான்," என்றாள். "அவர் தட்டை வச்சுக்கிட்டு உங்களைத்தான் பார்க்கிறார். ஒரு வாரமா பார்க்கிறேன். எல்லாரும் சாப்பிடுறாங்களான்னு பார்ப்பார், அப்புறம் அடுப்படி ஜன்னலைப் பார்ப்பார். நீங்க உள்ள வேலையா இருப்பீங்க. தட்டைக் கொண்டுவந்து வச்சிடுவார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளியில் முகாம் போட்டிருக்கும்போது புதுப் பையன்கள் முதலில் சாப்பிடுவார்கள், சார்ஜென்ட் கடைசியில்தான் சாப்பிடுவார். சாப்பாடு போதவில்லை என்றால் பட்டினி கிடப்பது அவராகத்தான் இருக்க வேண்டும். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் தன் ஆட்களுக்கு முன்னால் கையை நனைக்கிற சார்ஜென்டை எவனும் மதிக்க மாட்டான். இங்கே அவர் என்னையும் தன் ஆளாகச் சேர்த்திருக்கிறார். நானோ அவர் முடித்தால்தான் சாப்பிடுவேன். கடைசி ஆட்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் யார் சாப்பிடுவது?

"வண்டில தனியா இருந்தப்ப டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருக்கார்," என்றாள் மரிபெல். "அங்க அவருக்குக் கீழ யாரும் இல்ல. இங்க வந்து இத்தனை பேரைப் பார்த்ததும் பழைய பொறுப்பு திரும்பி வந்துடுச்சு. மறக்கிறதுக்குக் குடியும் இல்ல."

"இவ்வளவுதானே. கூப்பிட்டு, இது பட்டாளம் இல்லய்யா, தின்னுன்னு சொல்லு."

"சொன்னா கேட்பாரா? அவர்கிட்ட மிச்சம் இருக்கிறதே அந்தப் பழக்கம் ஒண்ணுதான். அதைப் பிடுங்க வேண்டாம் லோரெட்டா. அதுபடியே நடந்துக்குவோம். நாளைக்கு நீங்க முதல்ல சாப்பிடுங்க."

மறுநாள் எல்லோரும் பார்க்க நான் தட்டோடு கூடத்துக்கு வந்து நட்டநடுவில் உட்கார்ந்தேன். கைகால் எல்லாம் எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. ரெஜி எழுந்து நின்று அறிவித்தான்.

"பயப்படாதீங்கப்பா. சமைச்ச மகாராணியே சாப்பிடுறாங்க. இன்னைக்கு விஷம் இல்ல."

அவனை முறைத்துக்கொண்டே வேகவேகமாக விழுங்கி, தட்டை வழித்து, சார்ஜென்ட் பக்கமாகத் தூக்கிக் காட்டினேன். அவர் மெல்லத் தலையசைத்தார். முள்கரண்டியை எடுத்தார். உருளைக்கிழங்கைக் குத்தி வாய் வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே கை நின்றுவிட்டது. முள்கரண்டியைக் கீழே வைத்தார். கூடம் காலியான பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்தார்.

"மன்னிச்சுக்க லோரெட்டா. நீ எனக்காக முன்னாடி சாப்பிட்டேன்னு தெரியும். உன் மேல ஒரு தப்பும் இல்ல. இன்னும் ரெண்டு பேர் சாப்பிடல."

"எவன்? எல்லாப் பயலும் தின்னாச்சு. நாய்கூடத் தின்னாச்சு."

மரிபெல் பின்னாலேயே வந்திருந்தாள். என் முழங்கையை லேசாகத் தொட்டாள். 

"அவங்க பேரு என்ன, சார்ஜென்ட்?" என்று கேட்டாள்.

அவர் மாவு டின்னுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் வெளியே போகப் பார்த்தேன். "இருக்கட்டும், அவளும் கேட்கட்டும்," என்றார்.

"பிக்கெட். லூனா."

ஈராக்கில் ஒரு விடியற்காலை. திடீரென்று கிளம்பச் சொல்லி உத்தரவு. மெஸ் கூடாரம் இன்னும் திறக்கவில்லை, அவரே போய்ப் பார்த்தார், முன்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தது. பையன்கள் பசி பசி என்று முனகினார்கள். "வாயை மூடிட்டு வண்டில ஏறுங்கடா, திரும்பி வந்து திங்கலாம்" என்று விரட்டி ஏற்றினார். முன் வண்டியில் பிக்கெட், லூனா, நாஷ் என்று மூன்று பையன்கள். பின் வண்டியில் இவர். ஊரைத் தாண்டுவதற்குள் முன் வண்டிக்கு அடியில், சாலையில் புதைத்திருந்த குண்டு வெடித்தது.

"பத்தொன்பது, இருபது வயசு," என்றார். "அந்த வயசுல எப்படிப் பசிக்கும்னு உனக்குத் தெரியும் லோரெட்டா, நீ சமையல்காரி. வெறும் வயித்தோட அனுப்பிட்டேன். திரும்பி வந்து திங்கலாம்னு சொன்னேன். என் பசங்க சாப்பிடாம நான் சாப்பிட்டதே இல்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தட்டை நீட்டினாங்க. அதுலருந்து நாலு பேரோட உட்கார்ந்தா இப்படித்தான்."

 அத்தனை நாளும் கொழுப்பு கொழுப்பு என்று திட்டிய என் வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. மரிபெல் அவசரப்படாமல் கேட்டாள்.

"நாஷ் இருக்காரா?"

"இருக்கான். ஒரு கால் போயிடுச்சு. ஜெர்மனில இருக்கிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் நான் பார்க்கல. எந்த முகத்தோட பார்ப்பேன்?"

"நான் அவர்கிட்டப் பேசட்டுமா?"

"வேண்டாம்."

"சரி," என்றாள் மரிபெல்.

அவர் போனதும் நான் அவள்மேல் பாய்ந்தேன். "சரின்னா சொல்ற? செவ்வாய்க்கிழமை நெருங்குது. அந்தப் பையனை இழுத்துட்டு வர வேண்டாமா?"

"அது அவர் கதவு லோரெட்டா. எனக்கு வெளியில உட்காரத்தான் தெரியும்."

அந்தக் குளியலறைத் தரை நினைவுக்கு வந்தது. 

அவள் வெளியில்தான் உட்கார்ந்தாள். சார்ஜென்ட் கொட்டகையில் பனி அள்ளும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார். இவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கேட்கிற ஸ்பானரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பாள். நான் சூப்பைக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பேன். "இது சாப்பாடு இல்ல, சூடா ஒரு தண்ணி" என்பேன். நாலு வாய் குடிப்பார், மரியாதைக்காக. நாள்கள் ஓடின. ஒருநாள் அவர் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அவனைக் கூப்பிடுங்க மேடம். இத்தனை வருஷமா என்னைத் திட்டணும்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். வந்து நேர்ல திட்டிட்டாவது போகட்டும். வெறும் வயித்தோட அனுப்பினவன் நான்தானே."

மரிபெல் அவனைத் தேடிப் பிடித்து ஃபோனில் பேசினாள். சார்ஜென்ட் கார்வர் இங்கே இருக்கிறார், உங்களைப் பார்க்க விரும்புகிறார், அவ்வளவுதான் சொன்னாளாம்.  அவன் "சனிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அடுப்படிக்கு வந்து டீ கேட்டாள். கொடுத்த டீயைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது.

"நிஜமாவே திட்டிட்டுப் போயிட்டான்னா, லோரெட்டா? நான் தப்புப் பண்றேனோ?"

 எனக்கும் அதே பயம்தான். ஒரு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். அதை அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் சில்லியும் சினமன் ரோலும். மாட்டிறைச்சியும் பீன்ஸும் காரமாகக் கொதித்த சில்லிக்கு, லவங்கப்பட்டையும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிச் சுட்ட ரோலைத் தொட்டுத் தின்பது நெப்ராஸ்காக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்த பழக்கம், வெளியூர்க்காரன் எவ்வளவு சிரித்தாலும் விடமாட்டோம். ரோல்களை அடுப்பிலிருந்து எடுத்து ஆற வைத்திருந்தேன். அப்போதுதான் பின்வாசல் வழியாக ஒருவன் வந்தான். நல்ல உயரம், தலையில் தொப்பி, நடையில் ஒரு கால் மட்டும் விறைப்பு. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஏதோ ஒன்று.

"நாஷ், மேடம். சார்ஜென்டைப் பார்க்க வந்தேன்."

"அது என்ன கையில?"

"சினமன் ரோல் மேடம். வர்ற வழில பெட்ரோல் பங்க்ல வாங்கினேன்."

இருந்த படபடப்பெல்லாம் எனக்கு அங்கேதான் வெடித்தது. "என் அடுப்படிக்கு, நான் சுட்டு வச்சிருக்கிற அன்னைக்கு, பெட்ரோல் பங்க் ரோலா? அதுவும் ஒத்த ரோலு. முப்பது பேருக்கு ஆளுக்கு மோந்து பார்க்கவா?"

"ஒண்ணுதான் மேடம் வேணும்," என்றான். அவன் குரலில் என்னவோ இருந்தது. நான் வழி விட்டேன்.

கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜென்ட் வழக்கம்போலச் சுவரோரம் நின்றார். நாஷைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நாஷ் நேராகப் போய் அவருக்கு எதிரே விறைப்பாக நின்றான்.  வாசலோரம் மரிபெல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லு நாஷ்," என்றார் சார்ஜென்ட். "மனசுல இருக்கிற எல்லாத்தையும் சொல்லிடு. நான் கேட்டுக்கிறேன்."

"சார்ஜென்ட், நாங்க பண்ணின ஒரு திருட்டைச் சொல்ல வந்திருக்கேன்."

"என்ன திருட்டு?"

"அன்னைக்குக் காலைல. மெஸ் கூடாரத்துல இருந்து ஒரு தட்டு சினமன் ரோல். பிக்கெட் தூக்கிட்டு வந்தான். வண்டில வச்சு மூணு பேரும் தின்னோம்."

"எனக்காகப் பொய் சொல்லாத." சார்ஜென்டின் குரல் கிழிந்தது. "கூடாரம் கட்டியிருந்துச்சு. நானே போய்ப் பார்த்தேன்."

"முன்பக்கம்தான் சார்ஜென்ட் கட்டியிருந்துச்சு. பிக்கெட் பின்பக்கமா புகுந்தான், நாங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு எட்டிப் பார்த்தோம். உள்ள சமையல்காரர் இருந்தார். குண்டா, முழங்கையில தீக்காயத் தழும்பு. மேசை ஓரமா தட்டு இருந்துச்சு. பிக்கெட்டைப் பார்த்தார். மாட்டினோம்னு நினைச்சோம். அவர் ஒண்ணுமே சொல்லாம முதுகைத் திருப்பிக்கிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டார்."

நான் கையிலிருந்த அகப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த முதுகு எனக்குத் தெரியும். உத்தரவு இல்லாமல் நேரத்துக்கு முன்னால் ஒரு ரொட்டிகூட எடுத்துக் கொடுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. விடியாமல் கிளம்புகிற பையன்கள் கூடாரத்தைச் சுற்றி வருவது காதில் விழும். தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி நிற்போம். நானும் எத்தனையோ தடவை அப்படித் திரும்பி நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் வந்து சொன்னதில்லை.

"எத்தனை தின்னான் பிக்கெட்?" சார்ஜென்ட் கேட்டார். குரல் பாதிதான் வந்தது.

"நாலு. லூனாவும் நாலு. ஸ்டியரிங், துப்பாக்கி, மூஞ்சி எல்லாம் சர்க்கரைப் பாகு. லூனா பாட்டு வேற. வயிறு முட்டத் தின்னுட்டு, சிரிச்சுக்கிட்டேதான் சார்ஜென்ட் இருந்தாங்க. கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. இது உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்ல. ஒரு சின்ன விஷயம்னு விட்டுட்டேன்." அவன் கையிலிருந்த உறையை நீட்டினான். "ஒரு ரோலை மட்டும் லூனா பேப்பர்ல சுத்தித் தனியா எடுத்து வச்சான். இது கிழவனுக்கு, திட்டி முடிச்சதும் கொடுக்கலாம்னான். அது வண்டியோட போயிடுச்சு. அதான் உங்க பங்கைக் கொண்டுவந்தேன்."

சார்ஜென்ட் அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றார். விழுந்துவிடுவாரோ என்று மரிபெல் ஒரு அடி முன்னால் வந்தாள். திடீரென்று அவர் முதுகு நிமிர்ந்தது. அந்த வற்றிய உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நேரா நில்லுடா நாஷ். படையோட சாப்பாட்டைத் திருடுவீங்க. சர்க்கார் துப்பாக்கில பாகைத் தடவுவீங்க. உங்க சார்ஜென்டைக் கிழவன்னு சொல்லுவீங்க. அப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசுடா, முப்பத்தஞ்சு. மூணு பேரையும் ஒரு மாசம் கக்கூஸ் கழுவ விட்டிருப்பேன். மூணு பேரையும்..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நாஷ் கண்ணீர் வழிய, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி சார்ஜென்ட், சரி சார்ஜென்ட்" என்று ஒவ்வொரு திட்டுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். சுற்றிப் பார்த்தால் கூடத்தில் ஒருவன்கூட உட்கார்ந்திருக்கவில்லை. வாயில் சில்லியோடு ரெஜிகூட விறைத்து நின்றான்.

சார்ஜென்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"மரைன் படை சாப்பிட்டாச்சு சார்ஜென்ட்," என்றான் ரெஜி. "ரெண்டாவது ரவுண்டும் ஆச்சு."

"சமையல்காரி?"

நான் பானையிலிருந்து ஒரு அகப்பை சில்லியை அப்படியே வாயில் விட்டுக்கொண்டேன். நாக்கு பொத்துப்போனது. "ஆச்சு," என்றேன்.

"மேடம்?"

மரிபெல் தலையாட்டினாள், இல்லை என்று. இந்தக் கூடத்தில் அவள் டீயைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்ததே இல்லை. நான் ஒரு தட்டைக் கொண்டுபோய் அவள் கையில் திணித்தேன். நின்ற இடத்திலேயே அழுதுகொண்டே சாப்பிட்டாள். நாஷுக்கும் ஒரு தட்டு. சார்ஜென்ட் பொறுமையாகக் காத்திருந்தார். இரண்டு பேரும் முடித்த பிறகு, யாரையும் பார்க்காமல், அவரே சொன்னார்.

"பிக்கெட், லூனா. சாப்பிட்டாச்சு."

பிறகு அந்த உறையைப் பல்லால் கிழித்து, அந்த நசுங்கின ரோலை நின்றபடியே தின்றார். ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை, விரலையும் நக்கினார். அதற்கப்புறம் என்னிடம் தட்டை நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் எடை ஏற ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுக் கட்டில் அவருக்கே இருக்கட்டும் என்று சொன்னதும், இலை துளிர்க்கிற வரைக்கும் அவர் எங்களோடு இருந்ததும் பிற்பாடு நடந்தவை. இன்றைக்கும் இந்தப் பக்கம் வந்தால் வரிசையில் கடைசியாகத்தான் நிற்பார்.

அந்தச் சனிக்கிழமை அவர் மெதுவாகச் சாப்பிட்டார். எல்லோரும் கலைந்த பிறகு தட்டை அடுப்படிக்குக் கொண்டுவந்தார். தட்டு காலியாக இருந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அந்த ஆளு பேரு எனக்குத் தெரியாது," என்றார். "இப்ப எங்க இருக்காரோ, இருக்காரோ இல்லையோ. அவருக்குச் சொல்ல வேண்டியதை உன்கிட்டச் சொல்றேன் லோரெட்டா. என் பசங்களுக்குச் சாப்பாடு போட்டதுக்கு ரொம்ப நன்றி."

 முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.